நோகாய் மொழிக்கான கைபேசி விசைப்பலகை: பயன்படுத்திய அனுபவம்
கசாக்கிற்கு நெருங்கிய உறவுடைய துருக்கிய மொழியான நோகாய், அரபு எழுத்திலிருந்து 1928இல் லத்தீனுக்கும் 1938இல் ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக்குக்கும் மாறியது. இன்றைய எழுத்துமுறையில், நம் 'ங்' ஒலியை எழுத னகரத்துக்குரிய எழுத்தோடு (н) ரஷ்ய எழுத்தான வன்குறியையும் (ъ) சேர்க்க வேண்டும். கடலைக் குறிக்கும் 'தெஙிஸ்' என்ற சொல்லைச் சாதாரண ரஷ்ய விசைப்பலகையில் தட்டும்போதெல்லாம் விரல் தடுமாறும். மூன்று வாரமாக நான் பயன்படுத்தும் இந்த இலவசச் செயலி அவ்விணையை ஒரே விசையில் தருவது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அழிக்கும் விசையைத் தட்டினால் வன்குறி மட்டும் நீங்கி, பாதி எழுத்து எஞ்சுகிறது; இதை உடனே திருத்த வேண்டும். ரஷ்யாவிலுள்ள தாகெஸ்தானின் கரநோகாய், கராச்சாய்-செர்கேசியாவின் அக்நோகாய் ஆகிய கிளைமொழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வசதியில்லை. இருப்பினும், நோகாய் கற்போர் இதைத் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம்.