பழைய கார் வாங்கப் போறவை பின்சில்லைக் குனிந்து பாருங்கோ

சினோ, அதாவது வெண்பனி, தொடங்க முன்னம் ஒரு பழைய கார் எடுத்துவிட வேண்டும் என்று ஓடித்திரிகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் முதல் குளிரையோ இரண்டாவது குளிரையோ காணப்போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ.

2019 ஒக்ரோபரில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சின்ன விற்பனை இடத்தில் 2007 ரொயோற்றா கொறோலா ஒன்றை 3,400 டொலருக்கு வாங்கினேன். விற்றவர் எங்கட ஆள். ஊர் கேட்டார், ஆரின்ர பிள்ளை என்று கேட்டார், தேத்தண்ணி தந்தார். “தம்பி, இது முன்சில்லு இழுக்கிற கார். சினோவுக்கு இதைவிட என்ன வேணும்? விண்ரர் ரயரும் போட்டே தாறன்” என்றார்.

கார் பின்பக்கம் கம்பி வேலியோடு ஒட்டி நின்றது. முன்சில்லுகள் இரண்டும் வெளியே திருப்பி விடப்பட்டிருந்தன. ரயரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. உண்மையான விண்ரர் ரயருக்கு அந்த அடையாளம் இருக்கும் என்று வேலைத்தலத்தில் ஒரு அண்ணை சொல்லித் தந்திருந்தார். ரயரில் வெட்டியிருக்கிற பள்ளம், அதுதான் தவாளிப்பு, அதுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், நல்ல ஆழம். மனம் நிறைந்து காசை எண்ணிக் கொடுத்தேன். பின்சில்லை நான் பார்க்கவே இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த வகைக் காரில் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முன்சில்லுக்கு மேலேயே இருக்கின்றன. அந்தப் பாரம் சில்லை நிலத்தோடு அமத்தும், அதனால் சினோவில் நின்ற இடத்தில் சுற்றாமல் இழுத்துக்கொண்டு போகும். அந்த டிசம்பரில் பக்கத்து வீட்டுக்காரரின் பின்சில்லு இழுக்கிற கார் ட்றைவ்வேயில் கிடந்து உறும, என்னுடையது ஏறிப் போனது. ஆனால் இழுக்கிறது வேறு, வளைவில் நிற்கிறது வேறு. பின்பக்கம் பாரம் குறைந்த பக்கம். அதைப் பிடித்து வைத்திருப்பது பின் ரயர் மட்டுந்தான்.

நவம்பர் மழையிலேயே கார் எனக்குச் சொல்லிவிட்டது. 401 நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஏறினபோது ஆரோ பின்பம்பரைப் பிடித்து ஒருபக்கம் தள்ளினது போல ஒரு அசைவு. காற்று என்று நினைத்தேன். தேய்ந்த ரயருக்குத் தண்ணீரை வெளியே தள்ள வழியில்லை, அது தண்ணீருக்கு மேல் மிதக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலமை, மனைவி பக்கத்தில், மகள் பின்சீற்றில். 401ஐ விட்டு மோர்னிங்சைட்டுக்கு இறங்குகிற வளைவு. நாற்பதுக்கு மேல் ஓடவில்லை. றோட்டில் பாதி உருகின சினோ. கொஞ்சம் வேகம் போல் இருந்தது, அக்சிலேற்றரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். பாரம் முழுக்க முன்னுக்குச் சாய, பின்பக்கம் கழன்று சுற்றிக்கொண்டு வந்தது. ஸ்ரியறிங் முழுக்க என் கையில், முன்சில்லு இரண்டும் நிலத்தைப் பிடித்திருக்கின்றன, ஆனாலும் கார் சுற்றுகிறது. நின்றபோது நாங்கள் வந்த பக்கத்தைப் பார்த்தபடி நின்றோம், எதிரே ஒரு பார வண்டியின் வெளிச்சம். அந்த ஓட்டுநர் தூரத்திலேயே கண்டு நிறுத்தினபடியால் இதை எழுதுகிறேன். மகள் அழவில்லை. “அப்பா, ஏன் திரும்பிப் போறம்?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமை வேறொரு கராஜில் காரை உயர்த்தினார்கள். மெக்கானிக் டோர்ச்சை அடித்துப் பின் ரயரின் உட்பக்கத்தைக் காட்டினார். டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருகிற வரிசையின் கடைசி நாலு இலக்கம் 3110. அதாவது 2010ஆம் ஆண்டின் 31ஆவது கிழமையில் செய்தது. வெளிப்பக்கத்தில் அந்த இலக்கமே இல்லை. நகத்தால் அமத்தினேன், பிளாஸ்ரிக் போலக் கிடந்தது. அது விண்ரர் ரயர் இல்லை, எல்லாக் காலத்துக்கும் என்று போடுகிற சாதாரண ஓல் சீசன். 7 பாகைக்குக் கீழே அந்த றப்பர் இறுகத் தொடங்கிவிடும். தவாளிப்பு 3 மிலிமீற்றர். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த ஆழம் இருந்தாலே சேஃப்ற்றி என்கிற பாதுகாப்புச் சோதனையில் தேறிவிடும், ஆனால் 4 மிலிமீற்றரளவுக்குத் தேய்ந்த ரயரைச் சினோவில் ஓட வேண்டாம் என்பது கனடாப் போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. நாலு சில்லுக்கும் ஒரேமாதிரி விண்ரர் ரயர் போடச் சொல்வதும் அதே அமைச்சுத்தான்.

இரண்டு நல்ல ரயரை முன்னுக்குப் போட்டால், பிடிக்கிற முன்பக்கமும் பிடிக்காத பின்பக்கமும் ஒரே காரில். நாலும் பழையதாக இருந்திருந்தால் கார் எல்லாப் பக்கத்தாலும் வழுக்கும், நானும் முதல் நாளே பயந்து மெதுவாக ஓடியிருப்பேன். எனக்கு வந்த நம்பிக்கை அந்த முன்சில்லுகள் தந்தது.

விற்றவரிடம் போனேன். “சேஃப்ற்றி எடுத்துத்தானே தந்தனான்? பில்லைப் பாரும்” என்றார். பில்லில் “விண்ரர் ரயருடன்” என்றிருந்தது, எத்தனை என்று இல்லை. அண்டைக்குத் தேத்தண்ணி தந்த மனிசன் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒன்ராறியோவில் டீலரிடம் வாங்கின காரை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் அவகாசம் எதுவும் இல்லை. கியூபெக்கில் போல விண்ரர் ரயர் இங்கே கட்டாயமும் இல்லை. கையெழுத்து வைக்க முன்னம் பார்ப்பது எங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

ஆகவே காரை வேலியை விட்டு முன்னுக்கு எடுக்கச் சொல்லுங்கோ. நாலு ரயரிலும் அந்த மலை அடையாளத்தைத் தேடுங்கோ, இலக்கத்தை வாசியுங்கோ, பில்லில் “நாலு விண்ரர் ரயர்” என்று எழுதி வாங்குங்கோ. மறுத்தால் விட்டுவிட்டு வாங்கோ. 2011 செப்டம்பருக்கு முந்தின கார் என்றால் இன்னும் கவனம். வழுக்கினால் தானாகப் பிறேக் பிடித்து நேராக்குகிற வசதி அதற்குப் பிறகு செய்த கார்களுக்குத்தான் இங்கே கட்டாயம், என்னுடையதில் அது இல்லை.

கடன் வாங்கி நாலு ரயரும் மாற்றினேன். அதே கொறோலா, அதே வளைவு, பிறகு இரண்டு குளிர் ஓடினேன். ஒருநாளும் பின்பக்கம் அசையவில்லை.

ஸ்காபரோப் பக்கம் ஆராவது கார் பார்க்கப் போறதென்றால் சொல்லுங்கோ, ஞாயிறு காலமையில் கூட வருவேன். டோர்ச்சும் ரயர் அளக்கிற கோலும் காரிலேயே கிடக்கின்றன.