வெர்னாஸாவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

இத்தாலியின் சிங்குவே தெர்ரேயில் ஐந்து கடலோர ஊர்கள். ரயிலில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்கள்தான், ஆனால் வழியில் பெரும்பாலும் சுரங்க இருட்டு. கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றான வெர்னாஸாவுக்கு இருபுறமும் நடைபாதைகள் உண்டு. கையில் ஒரே நாள் இருந்தால் எந்தப் பாதை?

மொன்டெரோஸோவிலிருந்து வெர்னாஸாவுக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். எடுத்தவுடனே மூச்சு வாங்கவைக்கும் படிகள். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குச் சில இடங்கள் குறுகல். அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சிமென்ட், சுண்ணாம்பு எதுவுமில்லை. கல் மேல் கல்லை அடுக்கி, இடுக்கில் சில்லுக் கற்களைச் செருகி நிறுத்தியிருக்கிறார்கள். செங்குத்து மலையை இப்படித் தட்டுத் தட்டாக்கித்தான் திராட்சையும் எலுமிச்சையும் வளர்த்தார்கள். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த இடம் சேர்ந்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். பாதை முடியும் இடத்தில் வெர்னாஸா துறைமுகம் காலடியில் விரியும்.

வெர்னாஸா–கொர்னீலியா பாதையும் ஏறக்குறைய அதே நீளம். ப்ரேவோ என்ற சிற்றூர் வரை சுமார் 200 மீட்டர் ஏற்றம், அப்புறம் ஒலிவ மரங்களுக்கு நடுவே சுலபம். இன்னொரு லாபமும் உண்டு: கொர்னீலியா பாறை மேல் இருக்கிறது. கீழே ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறச் சுமார் 380 படிகள். நடந்து வந்தால் நேராக ஊருக்குள் நுழையலாம்.

முழங்கால் வலி இருந்தால் இரண்டாவது சரி. என் மனம் முதல் பாதையிலேயே நிற்கிறது, அதுவும் கூட்டம் வருமுன் அதிகாலையில். எதுவானாலும் ரப்பர் செருப்பு வேண்டாம், அபராதம் உண்டு.