கோயில் மண்டப மிக்சருடன் லெக்சிகன் எம்எக்ஸ்200: மின்சாரமும் இணைப்பும்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள கோயில் மண்டபத்தில் தேவாரம் பாடும் எங்கள் குழுவுக்காக, லெக்சிகன் எம்எக்ஸ்200 என்னும் எபெக்ட்ஸ் சாதனத்தைப் (குரலுக்கு எதிரொலி போன்ற விளைவுகளைச் சேர்க்கும் கருவி) பழைய பொருளாக வாங்கி, பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் 12 சேனல் அனலாக் மிக்சருடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறோம். மிக்சருக்குள்ளேயே இருந்த ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி, தகரத்தில் தட்டியது போல் ஒலித்ததுதான் தனிச்சாதனம் தேடியதற்குக் காரணம். எம்எக்ஸ்200 தரும் ரிவெர்ப், ஓதுவார் பாட்டை நிறுத்திய பிறகும் இழை அறுபடாமல் மெல்ல அடங்குகிறது. ஒலித்தரத்தில் எனக்கு முழு நிறைவு. ஆனால், மின்சாரம் கொடுப்பதிலும் மிக்சரில் இணைப்பதிலும் கவனம் பிசகினால், இதே சாதனம் ஒன்றுக்கும் உதவாத பெட்டி என்ற எண்ணத்தைத் தந்துவிடும்.

முதலில் மின்சாரம். இதன் அடாப்டர் 9 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வகையைச் சேர்ந்தது. நம் வீடுகளில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை டிசி (நேர்திசை மின்சாரம்) கொடுப்பவை. கிட்டார் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டர்களும் அப்படியே. முனை பொருந்துகிறது, எண்ணும் 9 தான் என்பதற்காக அவற்றைச் செருகக் கூடாது. அடாப்டரின் மீது அவுட்புட் என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அலை போன்ற வளைகோடு இருந்தால் அது ஏசி. நேர்கோட்டின் கீழே புள்ளிக்கோடு இருந்தால் டிசி. ஆம்பியர் அளவு சாதனம் கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் தீங்கில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் பழைய சாதனங்களுடன் 120 வோல்ட் அடாப்டர் வருவதுண்டு. அதை இங்குள்ள 240 வோல்ட் பிளக்கில் மாற்று முனை வைத்துச் செருகினால், உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் சூடேறிக் கருகிவிடும். மூல அடாப்டர் இல்லாமல் வாங்கியவர்கள் புடு பக்கம் ஜாலான் பாசாரில் இருக்கும் மின்னணுப் பொருள் கடைகளில், 240 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் ஏசி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது. வெறுமனே ஒன்பது வோல்ட் என்றால் டிசியை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

அடாப்டர் கனமானது, நீட்டிப்புப் பலகையில் பக்கத்துத் துளையையும் மறைத்துக்கொள்கிறது. அதன் காந்தப் புலம் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், ஒலிக் கேபிள்களை அதன் மேல் சுருட்டி வைக்காமல் தள்ளி ஓட விட வேண்டும். சாதனத்தில் செருகும் மெல்லிய கம்பியை, சாதனங்களை அடுக்கும் ரேக்கின் பின்புறம் ஒரு கட்டுப் போட்டு வைத்தால், யாராவது கால் இடறினாலும் பாட்டின் நடுவில் பிடுங்கிக்கொண்டு வராது.

இனி இணைப்பு. பல குரல்களுக்கும் ஒரே ரிவெர்ப் வேண்டுமென்பதால், மிக்சரின் ஆக்ஸ் சென்டிலிருந்து (ஒவ்வொரு சேனலின் ஒலியிலும் வேண்டிய அளவை வெளியே அனுப்பும் துளை) சாதனத்தின் இடது உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போதும். இரு வெளியீடுகளையும் மிக்சரில் ஒரு ஸ்டீரியோ லைன் சேனலுக்குத் திருப்பியிருக்கிறோம். எபெக்ட் ஒலியைத் திரும்பப் பெறத் தனி ரிட்டர்ன் துளை இருந்தும் சேனலையே நான் விரும்புவதற்குக் காரணம், அதன் ஈக்யூ குமிழ்களில் தாழ்ந்த ஒலிகளைக் குறைக்க முடிவதுதான். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ரிவெர்ப்பில் சேர்ந்து குழம்பாமல் இருக்க அது பெரிதும் உதவுகிறது. அந்தத் திரும்பும் சேனலில் உள்ள அதே ஆக்ஸ் குமிழ் கண்டிப்பாகப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அதைத் திறந்தால் ஒலி சுற்றிச் சுற்றி ஓடி, மண்டபமே அலறும்.

ஆக்ஸ் சென்ட், சேனலின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பேடருக்குப் பின்னிருந்து எடுக்கப்படுவதாக இருக்க வேண்டும்; அப்போதுதான் பாடகரின் பேடரை இறக்கும்போது அவருக்கான ரிவெர்ப்பும் கூடவே இறங்கும். சாதனத்தில் மிக்ஸ் அளவை முழுமையாக எபெக்ட் பக்கமே வைக்க வேண்டும். நேரடிக் குரல் ஏற்கெனவே மிக்சர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதையே சாதனமும் திருப்பி அனுப்பினால், மிக நுண்ணிய தாமதத்துடன் இரண்டும் மோதிக் குரல் மூக்கடைத்தது போலாகிவிடும். இந்தச் சாதனத்தைக் குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மிக்ஸ் அளவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

எங்கள் மண்டபத்தில் தரையும் சுவரும் ஓடு பதித்தவை, எதிரொலிக்குப் பஞ்சமில்லை. அதனால் பெரிய ஹால் வகைகளை விட்டு, ஒன்றரை வினாடி அளவில் அடங்கும் பிளேட் ரிவெர்ப்பை (உலோகத் தகட்டின் அதிர்வைப் போன்ற வகை) வைத்தோம். குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவே முன்தாமதம் 20 முதல் 30 மில்லிவினாடி வரை கொடுத்தபோது, க்க, ட்ட, ற்ற போன்ற வல்லின ஒலிகள் ரிவெர்ப்பில் மூழ்காமல் தெளிவாகக் கேட்டன. பதிகம் ஓதும்போது சொல் சிதையக் கூடாது என்பதே எங்களுக்கு முதன்மை.

மின் கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் சத்தம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) எங்களுக்கு வந்தது மடிக்கணினியை யுஎஸ்பி வழி இணைத்தபோதுதான். அதைக் கழற்றியதும் நின்றது. எந்த நிலையிலும் பிளக்கின் எர்த்தைத் துண்டித்து ஹம்மை நிறுத்த முயலக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. நேரடி மின் இணைப்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை ஒலிப்பாதையில் சேர்ப்பதே முறையான வழி. மின்சாரம் போடும்போது எபெக்ட்ஸும் மிக்சரும் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப்ளிபயர் முதலில்.

குறை என்றால், 99 தயார் அமைப்புகளும் முகப்பில் எண்ணாக மட்டுமே தெரிகின்றன; எந்த எண் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறோம். இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் மிக்சரில் ஆக்ஸ் சென்ட் துளை வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிய மிக்சர்கள் சிலவற்றில் எபெக்ட் குமிழ் உள்ளிருக்கும் எபெக்ட்டுக்கு மட்டுமே போகிறது. அவற்றுடன் இதை மேற்சொன்ன முறையில் இணைக்க இயலாது.