காணொளியின் பூர்விகத்தைத் தேடித் தரும் கருவி: இன்விட்-வீவெரிஃபை

வாட்ஸ்அப்பில் வந்து சேரும் காணொளி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று அறிய விரும்புவோருக்கு, கணினியின் குரோம் உலாவியில் இலவசமாக நிறுவக்கூடிய 'இன்விட்-வீவெரிஃபை' என்ற நீட்டிப்பை (உலாவியோடு சேர்ந்து இயங்கும் துணைக்கருவியை)த் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் ஆய்வு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய இக்கருவி 2017 முதல் புழக்கத்தில் உள்ளது.

இதன் உயிர்நாடி 'கீஃபிரேம்ஸ்' பகுதிதான். காணொளியின் இணைப்பையோ கோப்பையோ கொடுத்தால், அதிலுள்ள முக்கியக் காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து வரிசையாக வைக்கிறது. வேண்டிய படத்தை கூகுள், யாண்டெக்ஸ், பிங் முதலிய தேடுபொறிகளுக்கு அனுப்பி, அது முன்பு எங்கெல்லாம் வெளிவந்தது என்று பார்க்கலாம். கூகுள் கைவிரிக்கும் இடத்தில் யாண்டெக்ஸ் கைகொடுப்பதுண்டு என்பதால் ஒரு தேடலோடு நிறுத்திவிடக் கூடாது. படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். குறுக்கே பெரிய எழுத்தில் 'உஷார்' என்று ஒட்டிய படத்தைத் தேடினால் பெரும்பாலும் அதே வதந்திப் பதிவுகளே திரும்பி வரும். கடையின் பெயர்ப்பலகையோ வண்டியின் எண்பலகையோ தெரியும் படமே துப்புக் கொடுக்கும். அவற்றைப் பெரிதாக்கிப் படிக்க உருப்பெருக்கியும் உள்ளது.

இத்தகைய கருவி நமக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு 2018ஆம் ஆண்டே சாட்சி. பைக்கில் வந்த இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அப்போது இந்தியாவெங்கும் பகிரப்பட்டது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட, குழந்தைக் கடத்தல் பற்றிய விழிப்புணர்வுப் படம்; சிறுவனைத் திரும்ப விட்டுவிட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்திகள் பரவிய அதே ஆண்டு மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரப்பப்பட்ட காணொளிகளிலும், தொடர்பே இல்லாத சம்பவங்களின் காட்சிகள் இருந்தன.

குறைகளும் உண்டு. வதந்தி உலவுவது கைப்பேசியில். இதுவோ கணினிக்கென அமைந்தது. காணொளியைக் கணினிக்கு மாற்றிச் சோதிப்பதற்குள் அது பல குழுக்களைக் கடந்திருக்கும். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று, ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவை நினைத்தால், இந்தத் தாமதம் சிறு குறையன்று. படத்தில் திருத்தம் நடந்துள்ளதா என ஆராயும் 'ஃபோரென்சிக்' பகுதியைப் பயிற்சியில்லாதவர்கள் தொடாமலிருப்பதே நல்லது. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பிய படத்திலும் சந்தேகத்துக்குரிய புள்ளிகள் தெரிந்து, உண்மையான படத்தையே போலி என்று நினைக்கவைக்கும்.

ஆகவே தனிநபர்களைவிட, செய்தி அறைகளும் இதழியல் மாணவர்களும் மாவட்டக் காவல்துறையின் சமூக ஊடகப் பிரிவுகளும் இதை முதலில் பழகிக்கொள்ள வேண்டும்.