கடிதங்களைப் பிரித்துத் தட்டில் அடுக்கும் இயந்திரம்: ஒரு மதிப்பீடு

மணிக்கு 30,000 கடிதங்களுக்கு மேல் பிரிக்கக்கூடிய இயந்திரங்கள் பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருந்தாலும், பிரித்தவற்றைத் தட்டில் எடுத்து வைக்கும் வேலை நெடுங்காலம் ஊழியர்களின் கைகளையே நம்பியிருந்தது. எங்கள் பிரிவில் இப்போது இயங்கும் இயந்திரம் அதையும் தானே செய்கிறது.

முகவரியைக் கேமரா மூலம் படித்து, பார்கோடு அச்சிட்டு, இயந்திரத்தில் உள்ள உரிய சிற்றறைக்குக் கடிதத்தை அனுப்பும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிற்றறை நிரம்பியதைச் சென்சார் உணர்ந்ததும், ஒரு தகடு கடிதக் கட்டின் பின்னால் நுழைந்து, வரிசை குலையாமல் முழுக் கட்டையும் தட்டுக்குள் தள்ளுகிறது. நிரம்பிய தட்டு கன்வேயரில் நகர, காலித் தட்டு அந்த இடத்துக்கு வருகிறது. இது சிறிய விஷயமன்று. தபால்காரர் செல்லும் வீட்டு வரிசைப்படி அடுக்கக் கடிதங்களை இரண்டு முறை ஓட்ட வேண்டியிருப்பதால், முதல் ஓட்டத்தின் தட்டுகள் இடம் மாறினால் இரண்டாம் ஓட்டத்தின் வரிசையே கெட்டுவிடும்.

மெல்லிய, வழவழப்பான உறைகள்தான் இதற்குச் சோதனை. ஈரப்பதம் மிகுந்த நாள்களில் இரண்டு உறைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே உள்ளே போய்விடுகின்றன. காகிதத் தூசி படியும் லென்ஸை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தும், பராமரிப்புக் கதவைக் கை நுழையாத அளவுக்குக் குறுகலாக வைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

குனிந்து நிமிர்ந்து தட்டு நிரப்பிய ஊழியர்களின் முதுகுக்குக் கிடைத்திருக்கும் ஓய்வுக்காகவே, தபால் குவியும் மையங்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வாங்குவோர் தட்டுகளையும் புதிதாக வாங்கிவிடுவது நல்லது. விளிம்பு வளைந்த பழைய தட்டுகள் சரியாக அமராமல் இயந்திரத்தை நிறுத்திவிடுகின்றன.