2012 பெட்ரோலா, 2003 டீசலா: ஒரே விலையில் இரண்டு பழைய கேபின் குரூஸர்கள்

சிங்கப்பூரில் பழைய கார் வாங்கிப் பழகிய கண், சிஓஇ என்கிற கார் உரிமைச் சான்றிதழ் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்றுதான் முதலில் தேடும். படகுக்கு சிஓஇ கிடையாது. இருந்தும் கேபின் குரூஸர், அதாவது உள்ளே தங்கும் அறை உள்ள மோட்டார் படகு, வாங்கத் தேடி 2012 மாடல், 28 அடி பெட்ரோல் படகைப் பார்த்த என் மச்சான், 2003 மாடல், 32 அடி டீசல் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் கேட்கும் விலை கிட்டத்தட்ட ஒன்று. நான் டீசல் கட்சி.

சின்னப் படகில் இருப்பது ஸ்டெர்ன்டிரைவ். இன்ஜின் உள்ளே இருக்கும். கியரும் புரொபெல்லரும் சேர்ந்த டிரைவ் பின்னால் வெளியே தொங்கும். நல்ல வேகம், ஆழம் குறைந்த இடத்தில் தூக்கியும் கொள்ளலாம். டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்துகிற ஊர்களுக்கு அருமையான ஏற்பாடு. இங்கே பெரும்பாலான படகுகள் வருஷம் முழுக்க மரீனா என்கிற படகுத்துறையின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில்தான் கிடக்கின்றன. அரிப்பைத் தாங்களே வாங்கிக்கொள்ள மாட்டிய துத்தநாகக் கட்டிகள் கரைந்து தீர்ந்ததைக் கவனிக்காவிட்டால் அரிப்பு அலுமினிய டிரைவைத் தின்ன ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய கவலை பெல்லோஸ். டிரைவ் படகோடு சேரும் இடத்தில் கடலை வெளியே நிறுத்துவது அந்த ரப்பர் உறைதான். அதன் மடிப்பில் கொட்டலசு (கடலில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) வளர்ந்து கிழித்தால், கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கலாம்.

இன்ஜினைக் குளிர்விப்பதும் நேரடியாகக் கடல்நீரே. புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். வெளிப் பெயின்ட் அதுவரை பளபளவென்றே இருக்கும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுவதுதான் நியாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடியில் தேங்கும். அந்த ஆவியை வெளியே தள்ளும் இன்ஜின் அறை புளோயர் வேலை செய்யவில்லையா, சாவியைத் தொடவே வேண்டாம்.

டீசல் படகில் புரொபெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் நேராக அடிப்பாகத்தைத் துளைத்துப் போகிறது. கடல்நீர் வெப்ப மாற்றியோடு நின்றுவிடும். இன்ஜினுக்குள் ஓடுவது கூலன்ட். ஒழுங்காகப் பராமரித்தால் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். புரொபெல்லரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மீட்டரில் ஓடிய மணி நேரம் குறைவு என்று மயங்க வேண்டாம். ஓடாமல் உப்பில் நின்ற இன்ஜினுக்கு ஓடிய இன்ஜினே மேல்.

டீசலிலும் குறை உண்டு. உதிரிபாகம் விலை அதிகம், இன்ஜின் இரண்டு என்றால் அதுவும் இரட்டிப்பு. மரீனா வாடகை பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான், ஆகவே கூடுதல் நான்கு அடிக்கு மாதாமாதம் அழ வேண்டும். சோபாவில் ஏறும் டீசல் நாற்றம் தனிக் கதை.

எதை எடுத்தாலும் தண்ணீரிலிருந்து தூக்கி, படகைப் பரிசோதிக்கும் சர்வேயரை வைத்துப் பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். மேல்தளத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் ஈரம் ஏறிய இடம் மந்தமாக ஒலிக்கும். கைப்பிடிக் கம்பிகளைத் திருகிப் பொருத்திய இடங்களைச் சுற்றி அவசியம் தட்டுங்கள். சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால், யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் போய் முழு வேகம் கொடுத்தால் தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வர வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் சுமை அதிகம். சில நேரம் அடியில் ஒட்டிய கொட்டலசுதான் காரணம். ஏர்கானையும் ஜெனரேட்டரையும் சேர்த்தே ஓடவிடுங்கள், நம் வெயிலுக்கு அது ஆடம்பரமில்லை.

எம்பிஏ (சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம்) தரும் படகு உரிமம், படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், பாக்கிக் கடன் இவற்றைச் சரிபார்ப்பது ஒரு நாள் வேலை. ஓட்டப்போகிறவரிடம் பிபிசிடிஎல் என்கிற உல்லாசப் படகு ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும்.

மச்சான் இன்னும் 2012 பக்கம்தான். பெல்லோஸ் மாற்றிய பில், ரைசர் மாற்றிய பில், கரைமேல் உலர்தளத்தில் ஓர் இடம், மூன்றும் கிடைத்தால் நானும் கட்சி மாறத் தயார். பில்களைத் தேடிப் பார்ப்பதாக விற்பவர் சொல்லியிருக்கிறார்.