நாலே நாளில் மூட்டு வலி போகிறது என்றால் அந்த மாத்திரையைச் சந்தேகப்படுங்கள்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை முழுக்கப் படியுங்கள். கல்யாண மண்டபம் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டி, "மூட்டு வலிக்கு மூலிகை மருந்து, பக்க விளைவே கிடையாது" என்று ஊர் ஊராக விற்றுக்கொண்டு போகிறவர்களிடம் வாங்கிச் சாப்பிட்டு எங்கள் அம்மா உயிர் பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. பணம் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அந்த மாத்திரையை நிறுத்தியபோது நடந்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதை எழுதும் நேரத்தில்கூட யாரோ ஒரு வீட்டில் ஒரு பாட்டி அதை விழுங்கிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு வயது 69. கோவில்பட்டியில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே எடுத்த எலும்பு டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். பகலில் எப்படியோ ஓட்டிவிடுவார். சமையல், பேரப்பிள்ளைகள், கோயில் என்று ஏதாவது ஒன்றில் மனது போய்விடும். ராத்திரிதான் கொடுமை. ஒருக்களித்துப் படுத்தால் ஒரு முட்டி இன்னொன்றின் மேல் அழுந்தும், மல்லாந்து படுத்தால் கால் விறைத்துக்கொள்ளும், புரண்டு படுக்கும்போது சுருக்கென்று பிடித்து முழிப்பு வந்துவிடும், முழிப்பு வந்தால் பாத்ரூம் போக வேண்டும், எழுந்து போய்விட்டு வந்தால் அப்புறம் தூக்கம் எங்கே. விடிய விடிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "வலியைக்கூடப் பொறுத்துக்குவேன், இந்தத் தூக்கம் மட்டும் வந்துட்டாப் போதும்" என்பார். விற்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். முகாமில் உட்கார்ந்ததும் அம்மாவிடம் அவர்கள் முதலில் கேட்டதே, "தாயி, ராத்திரி தூங்குறீங்களா?" என்பதுதான்.

பேப்பருக்குள் நோட்டீஸ் வந்திருக்கிறது, இலவச முகாம் என்று. பக்கத்து வீட்டு அக்காவோடு அம்மாவும் போயிருக்கிறார். வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் கையில் ஒரு உலோகக் கம்பியைக் கொடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். கம்பியிலிருந்து ஒயர் லேப்டாப்புக்குப் போகிறது. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை, முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் கலர் கலராகப் பல பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எலும்புச் சத்து, கல்லீரல், சிறுநீரகம், நரம்பு, எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பாதிக்கு மேல் சிவப்புக் கட்டம். உள்ளங்கையில் ஒரு கம்பியைப் பிடித்தால் இதெல்லாம் தெரியும் என்றால் ஆஸ்பத்திரியில் எதற்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள்? அந்தச் சிவப்பைக் காட்டி, "இப்படியே விட்டா ஆறு மாசத்துல படுத்த படுக்கைதான், ஆபரேஷன்னா நாலு லட்சம்" என்று பயமுறுத்தி, மூன்று மாதக் கோர்ஸ் 14,500 ரூபாய் என்று கட்டச் சொன்னார்கள். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மறுநாள் கட்டியிருக்கிறார். பில்லில் "சத்து மாத்திரை" என்று மட்டும் இருந்தது. மருந்து என்ற சொல்லே இல்லை.

அந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, பச்சை லேபிள், இலை படம், "100% மூலிகை". பேட்ச் எண் கிடையாது. எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கிடையாது. தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செல்போன் நம்பர். ஓரத்தில் 14 இலக்கத்தில் ஒரு எண் இருந்தது, அதைக் காட்டித்தான் "கவர்ன்மென்ட் அப்ரூவல் வாங்கினது" என்று சொல்லியிருக்கிறார்கள். அது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். மசாலாத் தூளுக்கும் ஊறுகாய்க்கும் வாங்குகிற உணவு உரிமம். நோயைக் குணப்படுத்தும் என்று விற்பதற்கு அது அனுமதியே இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்து தயாரிப்பு உரிம எண் தனியாக இருக்கும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முழு முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும்.

சாப்பிட ஆரம்பித்த நாலாவது நாளே அம்மா போன் பண்ணினார். குரலே மாறியிருந்தது. ராத்திரி ஒரே தூக்கம், விடிஞ்சுதான் முழிச்சேன், மாடிப்படி ஏறினேன் என்று அவ்வளவு சந்தோஷம். யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது. அம்மாவைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் வாங்கினார்கள். பசி நன்றாக எடுத்தது. கன்னம் உப்பியது. "மதினிக்கு இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள்.

அது களை இல்லை, வீக்கம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கணுக்காலில் நீர் கோத்துக்கொண்டது. வளையல் உரசிய இடத்தில்கூடத் தோலுக்கடியில் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது, அதுவரை சர்க்கரையே இல்லாத அம்மாவுக்கு 280-க்கு மேல் காட்டியது, சர்க்கரை மாத்திரை தொடங்கினார்கள். தூக்கமும் மறுபடி போனது, ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி. வலி இல்லை, ஆனாலும் தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருப்பாராம், மனசு படபடவென்று அடிக்கிறது என்பாராம். தம்பி அந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டால், "உடம்புல இருக்கிற கழிவு வெளியேறுது சார், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், ராத்திரி இன்னும் ஒண்ணு சேர்த்துக் கொடுங்க" என்கிறான். இது இவர்கள் எல்லோரும் சொல்கிற பதில். எந்தத் தொந்தரவு வந்தாலும் கழிவு வெளியேறுகிறது. நீங்கள் இந்தப் பேச்சை யாரிடமிருந்தாவது கேட்டால் அந்த நிமிடமே உஷாராகிவிடுங்கள்.

அடுத்த டப்பா கூரியரில் வரத் தாமதமானது. பணம் அனுப்பியாகிவிட்டது, பார்சல் வரவில்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது. சில நாளிலேயே முழங்கால் வலி முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது, கூடவே வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் 80/50, சர்க்கரை 58, ரத்தத்தில் சோடியம் உப்பின் அளவு குறைந்து, பேச்சே குழறலாக இருந்தது. அங்கே இருந்த டாக்டர் அம்மாவின் முகத்தையும் கையையும் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "மூட்டு வலிக்கு ஏதாவது பொடி, மாத்திரை வெளியே வாங்கிச் சாப்பிட்டாங்களா?" தம்பி டப்பாவை எடுத்துக் காட்டினான். கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் உடனே அதே ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் டிரிப்ஸும் போட்டார்கள். ரிசல்ட்டில் கார்டிசால் ஏறக்குறைய இல்லவே இல்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை, அதாவது அந்தக் கார்டிசாலை, அதுதான் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகமாகவும் நடு இரவில் மிகக் குறைவாகவும் இருக்கும், நமக்குத் தூக்கமும் விழிப்பும் ஒழுங்காக வர அந்த ஏற்ற இறக்கமும் உதவுகிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். அப்புறம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இருக்காது. பிரஷர் விழும், உயிருக்கே ஆபத்து. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொன்னதால்தான் அம்மாவுக்கு நடு ராத்திரியில் முழிப்பு, டாக்டர்கள் கொடுக்கும்போது பெரும்பாலும் காலையில் சாப்பிட்ட பிறகுதான் கொடுப்பார்கள் என்றார். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் எல்லாம் மிக மலிவான ஸ்டீராய்டு மாத்திரைகள், பொடித்துக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேய்ந்த எலும்பு அப்படியேதான் இருக்கும், வலி மட்டும் மறையும். "ஆய்வகத்தில் சோதிக்காமல் இந்த டப்பாவுக்குள் இன்னதுதான் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் இந்த முகமும் இந்த ரிப்போர்ட்டும் சேர்ந்தால் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை" என்றார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2022-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆர்ட்ரி கிங் என்ற மூட்டு வலி சப்ளிமென்டில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும், டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் இருப்பதைக் கண்டுபிடித்துப் பொதுமக்களை எச்சரித்தது. அதையும் இயற்கை என்று சொல்லித்தான் விற்றார்கள்.

அதனால் இப்படிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தேய்ந்த மூட்டு. நல்ல டாக்டர், நல்ல சித்த வைத்தியர் யாரானாலும் மெதுவாகத்தான் குறையும் என்பார்கள். இரண்டு மூன்று ராத்திரியிலேயே வலி மாயமாகப் போய், பசி கூடி, முகம் வட்டமாக உப்பினால் அதைச் சந்தேகப்படுங்கள். அதைவிட முக்கியமானது: ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் என்றால், இதைப் படித்த கோபத்தில் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். டப்பாவோடு அன்றைக்கே ஒரு பொது மருத்துவரிடம் போங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போது டாக்டரே ஸ்டீராய்டை அளந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனாலோ, வாந்தி, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏமாற்றுகிறவர்கள் அதன் பெயரைத்தான் கெடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு உண்டு. அங்கே பதிவு பெற்ற மருத்துவர் ஆளைத் தொட்டுப் பார்த்து, என்ன கொடுக்கிறார் என்று சீட்டில் எழுதித் தருவார். மண்டபத்தில் வந்தவரிடம் பதிவு எண் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

ராத்திரி வலிக்கு இப்போது என்ன செய்கிறோம் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து தொடைத் தசைக்கான பயிற்சி சொல்லிக் கொடுத்தார்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தசையை இறுக்கி, சில நொடி பிடித்து இறக்குவது. தொடைத் தசை வலுவானால் முட்டி மேல் வரும் பாரம் குறையும் என்றார். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு மெத்தென்ற தலையணை, இந்த ஒன்றே அம்மாவுக்கு ராத்திரியில் பெரிய வித்தியாசம். மல்லாந்து படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணையை ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், முட்டி மடங்கியபடியே இறுகிவிடும் என்றும் சொன்னார். படுக்கும் முன்பு நொச்சி இலையைத் துணியில் கட்டிச் சூடாக ஒத்தடம். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி ஜெல், தேவைப்பட்டால் மட்டும் பாரசிட்டமால். தரையில் சம்மணம் போடுவதில்லை, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாகிவிட்டது, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு. சாயங்காலத்துக்குப் பிறகு காபி கிடையாது. வலி முழுக்கப் போகவில்லை, சில ராத்திரி இன்னும் முழிக்கத்தான் செய்கிறார். ஆனால் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்குகிறார். அதோடு ஒன்று, காலையில் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், விரல் மூட்டுகளும் வீங்கினால், அது தேய்மானம் இல்லாமல் முடக்கு வாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு, சீக்கிரம் காட்ட வேண்டும்.

விற்றவர்களின் நம்பர் இப்போது ஸ்விட்ச் ஆஃப். கடைசியாக எடுத்தபோது, "நாங்க சத்து மாத்திரைதான் வித்தோம், பில்லைப் பாருங்க" என்றார்கள். மண்டபத்துக்காரரிடம் கேட்டால் யாரோ தனி ஆள் பெயரில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார்கள் என்கிறார். பில், நோட்டீஸ், டப்பா, அதன் அடியில் மிச்சம் இருந்த மாத்திரைப் பொடி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாவற்றோடும் மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கும் மருந்து ஆய்வாளருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம். 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் மூட்டு வலி தரும் வாத நோயும் (ருமாட்டிசம்) இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம், ஆகவே உங்கள் ஊரில் அந்த நோட்டீஸ் கிடைத்தால் போட்டோ எடுத்து வையுங்கள், முகாம் நடக்கும் தேதிக்கு முன்பே புகார் கொடுக்கலாம். எங்கள் தெருவில் வாங்கிய மற்ற வீடுகளுக்கும் தம்பி நேரில் போய்ச் சொல்லிவிட்டான், இரண்டு பேர் இப்போது அதே டாக்டரிடம் வைத்தியத்தில் இருக்கிறார்கள்.